அது வேற ஆயா

எங்கள் ஊரின் பெயருக்கே இரண்டு பூர்வீகம் சொல்வார்கள். சோழலிங்கபுரம் தேய்ந்துதான் சோளிங்கர் ஆயிற்று என்பது ஒரு கட்சி. மலைமேல் உட்கார்ந்திருப்பவர் யோக நரசிம்மர், ஆகவே அது சோழசிங்கபுரம்தான் என்பது மறு கட்சி. கொண்டபாளையத்தில், பெரிய மலையின் 1305 படிகள் தொடங்கும் இடத்துக்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் வீடு. கார்த்திகை ஞாயிறுகளில் மலையேறி இறங்கிய கால்களோடு எங்கள் திண்ணையில் உட்காருகிறவர்கள் மோர் குடித்துக்கொண்டே இந்த வழக்கைப் பேசுவார்கள். நான் தூணைப் பிடித்துக்கொண்டு கேட்பேன். ஒரு பெயருக்குள் இத்தனை பேர் வாதாட இடம் இருக்கிறதே என்ற வியப்பு அப்போது பிடித்தது. இன்னும் விடவில்லை.

1973இல் பள்ளி இறுதி வகுப்பு. வேலூரில் ஒரு பேச்சுப் போட்டி. ‘உலகுக்குத் தமிழ் தந்த கொடை’ என்பது தலைப்பு. கட்டுமரம் ஆங்கிலத்தில் கேட்டமரான் ஆனது, சுருட்டு செரூட் ஆனது, மிளகுத்தண்ணீர் முல்லிகடானி ஆனது என்று வரிசையாகச் சொல்லிவிட்டுக் கடைசியில் குரலை உயர்த்தினேன். ஆங்கிலேயனின் கல்லாப்பெட்டியில் இருக்கும் ‘கேஷ்’ நம் காசு. அவன் பிள்ளையைத் தாலாட்டிய ‘ஆயா’ நம் ஆயா. கைதட்டல் அடங்க நேரமாயிற்று. முதல் பரிசாக ஓர் எவர்சில்வர் சொம்பு கொடுத்தார்கள். அதைக் கொண்டுவந்து ஆயாவிடம் கொடுத்தேன். எங்கள் பக்கத்தில் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவோம். என் ஆயா ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் ஆயாவாகவும் வேலை பார்த்தவள். “உன்னால வாங்கின பரிசு ஆயா” என்றேன். அன்றிலிருந்து அவளுக்கு அந்தச் சொம்பில்தான் தண்ணீர்.

அப்பா ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஷாப்பில் கணக்கு எழுதினார். வேலை முடிந்து வரும்போது சட்டையில் சுண்ணாம்புத் தொட்டியின் வாடையும் ஆவாரம்பட்டையின் துவர்ப்பு வாடையும் கலந்து வரும். கழிவில் போகிற ஆட்டுத்தோல் துண்டு ஒன்றை ஷாப்பிலேயே ஒருவரிடம் கொடுத்து ஆயாவுக்கு ஒரு சுருக்குப் பை தைத்துக்கொண்டு வந்திருந்தார். மற்ற கிழவிகளின் இடுப்பில் துணிப் பை. என் ஆயாவின் இடுப்பில் தோல் பை. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு டப்பி, சில்லறை, இவற்றுக்கு அடியில் ஒரு செம்புக் காசு. மூன்று சென்டிமீட்டர் அகலம் இருக்கும். ஒரு பக்கம் கேடயத்தின் இருபுறமும் நிமிர்ந்து நிற்கும் சிங்கங்கள், கீழே 1808 என்று வருஷம். மறுபக்கம் பாரசீக எழுத்து. அதன் கீழே ரோமன் எண்ணில் இருபதும் ‘கேஷ்’ என்ற ஆங்கிலச் சொல்லும். சிங்கம் இருப்பதால் அது ஆயாவுக்கு நரசிம்மர் காசு. கார்த்திகை மாசம் மஞ்சள் தண்ணீரில் கழுவிச் சாமி மாடத்தில் வைப்பாள்.

அது கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்துக்காக இங்கிலாந்தில் அடிக்க வைத்த காசு. பர்மிங்காமில் மேத்யூ போல்டனின் சோஹோ ஆலையில் நீராவி யந்திரத்தால் அச்சிட்டுக் கப்பலில் அனுப்பினார்கள். கம்பெனிக் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். ஆக, ஆயாவின் நரசிம்மர் காசு கால் பணம். அதே 1808ஆம் வருஷக் காசுகளைப் பீப்பாய்களில் ஏற்றிக்கொண்டு புறப்பட்ட ‘அட்மிரல் கார்ட்னர்’ என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரம் குட்வின் மணல்திட்டில் மூழ்கிப்போனது. 1980களில் மூழ்காளர்கள் அந்தக் காசுகளை வாரி வாரி எடுத்தார்கள். ஒரே அச்சில் பிறந்த காசுகள். ஒரு கூட்டம் 170 வருஷத்துக்கு மேல் கடலடியில் கிடந்திருக்கிறது. தப்பி வந்து சேர்ந்த ஒன்று வெற்றிலைக் காம்போடு எங்கள் ஆயாவின் இடுப்பில் கிடந்தது.

படிப்பு முடிந்து ஒரு வங்கியில் காசாளர் வேலை கிடைத்துச் சென்னைக்குப் போனேன். கம்பிக் கூண்டுக்குள் உட்காருவேன். தலைக்கு மேல் ‘கேஷ்’ என்று பலகை. 1980இல் ஒரு விடுமுறை நாள் எழும்பூர் கன்னிமரா நூலகத்தில் ‘ஹாப்ஸன்-ஜாப்ஸன்’ என்ற தடித்த அகராதி கையில் கிடைத்தது. இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர்கள் பேசிய கலப்புச் சொற்களின் பூர்வீகத்தைத் தேடிய நூல் அது. ஹென்றி யூலும், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த ஆர்தர் பர்னெலும் சேர்ந்து உழைத்தது. புத்தகம் 1886இல் வெளிவந்தபோது பர்னெல் இல்லை. நாலு வருஷம் முன்பே, 42 வயதில் போய்விட்டார். தலைப்பு எங்கிருந்து வந்தது தெரியுமா? மொகரம் ஊர்வலத்தில் மார்பில் அடித்துக்கொண்டு ‘யா ஹசன், யா ஹுசைன்’ என்று கதறுவதை வெள்ளைக்காரச் சிப்பாய்களின் காது அப்படி வாங்கிக்கொண்டது. ஒருவரின் துக்கம் இன்னொருவரின் வாயில் வெறும் ஓசையாகிவிட்ட அந்தத் தலைப்பை இன்றும் சங்கடத்தோடுதான் சொல்கிறேன். ஆனால் உள்ளே இருக்கும் உழைப்புக்குக் கை கூப்புகிறேன்.

முதலில் ‘கேஷ்’ பக்கத்தைத்தான் புரட்டினேன். என் பேச்சுப் போட்டி கண்முன் வந்து நின்றது.

ஆங்கிலத்தில் ‘கேஷ்’ ஒரு சொல் இல்லை, இரண்டு சொல். ஒன்று நம் காசுதான். போர்ச்சுகீசியர் அதைக் ‘காய்ஷா’ என்று வாங்கினார்கள். 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் அது ஆங்கிலத்துக்குப் போய், கீழை நாடுகளின் சின்னக் காசுக்கெல்லாம் பெயராயிற்று. நடுவில் சதுர ஓட்டை போட்ட சீனத்துச் செப்புக்காசைக்கூட ஆங்கிலத்தில் ‘கேஷ்’ என்றுதான் சொல்கிறார்கள். சீனாக்காரனின் காசு நம் சொல்லைப் போட்டுக்கொண்டு உலகம் சுற்றுகிறது. ஆனால் கடைக்காரன் கேட்கும் ‘கேஷ்’, என் தலைக்கு மேல் தொங்கிய ‘கேஷ்’, அது வேறு குடும்பம். லத்தீனில் ‘காப்ஸா’ என்றால் பெட்டி. அது இத்தாலியிலும் பிரான்சிலும் பணப்பெட்டியாகி, ஆங்கிலத்துக்கு வந்த பிறகு பெட்டியின் பெயர் பெட்டிக்குள் இருக்கும் பணத்துக்கு ஒட்டிக்கொண்டது. இரண்டும் ஏறக்குறைய ஒரே காலத்தில் ஆங்கிலத்துக்குள் நுழைந்து ஒரே எழுத்துக்கூட்டலில் அடங்கிவிட்டன. ஆங்கிலேயன் கல்லாப்பெட்டி என்று மேடையில் முழங்கினேனே, அந்தக் கல்லாப்பெட்டிச் சொல்தான் நம்முடையது இல்லை.

பக்கங்களை முன்னால் தள்ளினேன். ‘ஆயா’. போர்ச்சுகீசியத்தில் ‘ஐயா’ என்றால் பிள்ளைகளை வளர்க்கும் செவிலி. கோவாவிலும் கொச்சியிலும் போர்ச்சுகீசியர் வீடுகளில் புழங்கி, ஆங்கிலேயர் வீடுகளுக்குப் பரவிய சொல். அதற்கும் முன்னால் லத்தீனில் ‘அவியா’, பொருள் பாட்டி. நம் ஆயாவுக்கு ‘ஆய்’ என்ற பழைய தாய்ச்சொல் இருக்கிறது. யாய், ஞாய் என்று சங்கப் பாட்டில் வரும் உறவுச் சொற்கள் இருக்கின்றன. அந்தத் தமிழ் ஆயாவும் இந்தப் போர்ச்சுகீசிய ஆயாவும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. சாயல் ஒன்றாக இருந்துவிட்டது, அவ்வளவுதான்.

சொம்பை நினைத்துக்கொண்டேன். தவறான வாதத்துக்கு வாங்கிய பரிசில் ஆயா ஏழு வருஷமாகத் தண்ணீர் குடிக்கிறாள்.

அன்றைக்கு ஆரம்பித்தது இந்தப் பழக்கம். தோல் கட்டுகளில் எண் எழுதிக் கட்டுவதற்கென்று ஷாப்பில் தடித்த அட்டைகள் வைத்திருப்பார்கள். மிஞ்சினதை அப்பா வீட்டுக்குக் கொண்டுவருவார். அதன் பின்பக்கத்தில் ஒரு அட்டைக்கு ஒரு சொல் எழுதினேன். சொல், பொருள், வந்த வழி, முதலில் எழுத்தில் கிடைத்த காலம், சான்று. வழியும் காலமும் தெரியாத அட்டைகளைத் தனியாகக் கட்டி வைத்தேன். காதுக்கு ஒன்றுபோலக் கேட்டது என்பதற்காக எதையும் அந்தக் கட்டிலிருந்து இந்தக் கட்டுக்கு மாற்றுவதில்லை என்று ஒரு பிடிவாதம்.

அப்பாவின் வாயிலிருந்தே நிறையச் சொற்கள் கிடைத்தன. பட்டையில் பதப்படுத்திய மாட்டுத்தோலை அவர் ‘கிப்ஸ்’ என்பார். சென்னைத் துறைமுகத்திலிருந்து லண்டன் சந்தைக்கு ‘ஈஸ்ட் இண்டியா கிப்ஸ்’ என்ற பெயரில் தலைமுறை தலைமுறையாகப் போன சரக்கு. அந்தக் ‘கிப்’ பழைய டச்சு மொழியில் தோல் கட்டைக் குறித்த சொல் என்று நான் சொன்னபோது அப்பா கணக்குப் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். ‘டேனரி’யில் இருக்கும் ‘டேன்’, லத்தீனில் இடித்த ஓக் மரப்பட்டையைக் குறித்தது. “அப்ப நம்ம ஆவாரம்பட்டை மாதிரிதான் அவங்களுக்கு அது” என்றார். ஆமாம், அதேதான். அவர்கள் ஓக் பட்டையை இடித்தார்கள், நாம் ஆவாரம்பட்டையை இடித்தோம். தொழிலுக்குப் பெயர் பட்டையிலிருந்து வந்தது. ‘பர்ஸ்’ என்ற சொல்லைத் தேடிப் போனால் கிரேக்கத்தில் ‘புர்ஸா’ என்று முடிகிறது. உரித்த தோல் என்று பொருள்.

எல்லா அட்டையும் இப்படி மகிழ்ச்சி தருவதில்லை. அப்பாவோடு வேலை செய்த ஒருவரின் மகன் எனக்குப் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன். அவன் அப்பா சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கித் தோல் புரட்டியவர். முழங்காலுக்குக் கீழே தோல் வெந்து வெள்ளையாக இருக்கும். பின்னாளில் அவன் பள்ளி ஆசிரியனானான். ஒருநாள் வீட்டுக்கு வந்தவனிடம் ‘தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு’ என்று கட்டி வைத்திருந்த அட்டைகளைப் பெருமையாகக் காட்டினேன். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவன் ஓர் அட்டையை மட்டும் உருவித் தனியே வைத்தான். ‘பரையா’. ஒதுக்கப்பட்டவன், யாரும் சேர்த்துக்கொள்ளாதவன் என்று ஆங்கில அகராதி சொல்லும் பொருளை என் கையெழுத்தில் எழுதியிருந்தேன்.

“கறி, கட்டுமரம், சுருட்டு. இதெல்லாம் நாம குடுத்ததுன்னு சந்தோஷப்படற. இதையும் அதே கட்டுல வச்சிருக்கியே” என்றான். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

பறை என்ற கருவியின் பெயரோடு சேர்ந்த ஒரு மக்கட்பெயர் அது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆங்கில எழுத்தில் ஏறிவிட்டது. பிறகு ஐரோப்பிய மொழிகள் பலவற்றிலும் வசைச் சொல்லாயிற்று. இன்றைக்கும் ஒரு நாட்டை மற்ற நாடுகள் ஒதுக்கினால் ஆங்கிலப் பத்திரிகைகள் கூசாமல் இந்தச் சொல்லைத்தான் போடுகின்றன. எழுதுகிறவனுக்கு அது வெறும் உவமை. படிக்கிறவர்களில் ஒருவனுக்கு அது அவன் பாட்டனின் பெயர். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் பத்திரிகை தொடங்கியபோது அதற்குப் ‘பறையன்’ என்றே பெயர் வைத்தார். எந்தப் பெயரைச் சொல்லி இழிவு செய்தார்களோ அதையே தலைப்பில் அச்சிட்டுத் தலை நிமிர்ந்து நின்றார். இந்தச் செய்தியை எனக்குச் சொன்னவன் அந்தச் சிநேகிதன்தான். அந்த அட்டையில் இப்போது ஆங்கிலப் பொருளுக்கு மேலே முதல் வரியாக 1893 இருக்கிறது. கொடைக் கட்டில் அதை வைப்பதில்லை.

சொல்லாராய்ச்சிக்கும் எங்கள் தோல் சீமைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு நான் ஆம்பூரைக் காட்டுவேன். தேவநேயப் பாவாணர் பெற்றோரை இழந்த சிறுவனாக அக்காவின் வீட்டில் வளர்ந்தது ஆம்பூரில். அங்கே லுத்தரன் மிஷன் பள்ளியில் படித்தார். 1920களின் தொடக்கத்தில் அதே ஊரில் தமிழாசிரியராகவும் இருந்தார். தமிழுக்கு ஒரு சொற்பிறப்பியல் அகரமுதலி வேண்டும் என்று வாழ்நாள் முழுக்க மன்றாடி, 1974இல் அரசு அந்தத் திட்டத்துக்கு அவரை இயக்குநராக்கியபோது அவருக்கு வயது 72. ஆங்கிலச் சொற்கள் பலவற்றுக்கு அவர் காட்டிய தமிழ் வேர்களை என்னால் ஏற்க முடியவில்லை; வந்த வழியைக் காட்டாமல் ஒலியை மட்டும் வைத்து அவர் தாண்டும் இடங்களில் நான் நின்றுவிடுகிறேன். ஆனால் உழவனும் தச்சனும் கொல்லனும் பேசுகிற சொல்லை இலக்கியச் சொல்லுக்குச் சமமாக மதித்துப் பொறுக்கிய அந்தக் கை எனக்கு ஆசான். வேர் தேடுகிறவன் நூலகத்தில் மட்டும் உட்கார்ந்திருக்கக் கூடாது என்பதை அவரிடம்தான் படித்தேன்.

1981 ஜனவரி. மதுரை உலகத் தமிழ் மாநாட்டில் பேசிய பாவாணர் சில நாட்களிலேயே காலமானார். பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தேன். திண்ணையில் பேப்பரைப் பார்த்த அப்பா, “ஆம்பூர்ல வாத்தியாரா இருந்தவராச்சேடா” என்று மட்டும் சொல்லிவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் ஆயாவிடம் நரசிம்மர் காசைக் கேட்டு வாங்கிக்கொண்டு அப்பாவோடு ராணிப்பேட்டைக்குப் போனேன். ஷாப்பில் அப்பாவுக்கு மூத்த கணக்கர் ஒரு பாய், மேல்விஷாரத்துக்காரர், உருதுவும் பாரசீகமும் படித்தவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு காசை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். தேய்ந்த எழுத்தை நகத்தால் தடவித் தடவிப் படித்தார்.

“பீஸ்த் காஸ்… சஹார் ஃபுலூஸ் அஸ்த். இருபது காசு, நாலு ஃபுலூஸ் ஆகும்னு போட்டிருக்கான் தம்பி. காஸ்னு நம்ம காசத்தான் ஃபார்சில எழுதியிருக்கான்.”

“ஃபுலூஸ்னா?”

“துட்டு. கல்ஃபுக்குப் போயிட்டு வர்ற பசங்க சொல்வாங்களே, ஃபுலூஸ் இல்லன்னு. அதே.”

அவர் சொன்ன துட்டே டச்சுக்காரர்களின் ‘டுயிட்’ காசு என்று பிறகு அகராதியில் பார்த்தேன். ஆனால் அந்த இரவெல்லாம் என்னைத் தூங்கவிடாமல் செய்தது ஃபுலூஸ். அரபியில் அது ‘ஃபல்ஸ்’. கிரேக்கர் வழியாக வந்தது. தொடக்கம் லத்தீனில் ‘ஃபோலிஸ்’. தோல்பை. காற்று ஊதும் துருத்தியும் அதுதான், காசு போட்டுக் கட்டும் பையும் அதுதான். அதே ‘ஃபோலிஸ்’ இன்னொரு வழியில் போய், வெறும் காற்று அடைத்த பை என்ற பொருளில் ஆங்கிலத்தின் ‘ஃபூல்’ ஆயிற்று. தமிழ்க் காசும் ரோமாபுரித் தோல்பையும் ஒரே செம்புத் தகட்டில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. அந்தத் தகடு ராணிப்பேட்டை ஆட்டுத்தோல் பைக்குள் இத்தனை வருஷம் கிடந்திருக்கிறது.

மறுநாள் காலை காசை ஆயாவிடம் திருப்பிக் கொடுக்கும்போது சொம்பைப் பற்றியும் சொல்லிவிட முடிவு செய்தேன். வாசலில் வெயிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். “ஆயா, மேடையில நான் சொன்னது தப்பு. ஆஸ்பத்திரியில உன்னைக் கூப்பிட்டாங்களே ஆயான்னு, அது நம்ம சொல்லு இல்ல. போர்ச்சுகல்னு ஒரு தேசம், அங்கேருந்து வந்தது” என்றேன்.

அவள் வெற்றிலையின் காம்பைக் கிள்ளிக்கொண்டே, “அது வேற ஆயாதானே” என்றாள்.

“உனக்கு எப்படித் தெரியும்?”

“இன்னாடா கேக்கற. வேலைக்குச் சேந்த அன்னிக்கே தெரியும். வெள்ளக்கார டாக்டரம்மா என்னைப் பாத்து ‘அய்யா, அய்யா’ன்னு கூப்புடுது. ஆம்பளையக் கூப்புடற மாதிரி கூப்புடுதேன்னு நான் திரும்பித் திரும்பிப் பாக்கறேன், பின்னால எவனாச்சும் நிக்கறானான்னு. அப்பால நர்சம்மாதான் சொன்னாங்க, உன்னத்தான் கூப்புடறாங்க, அவங்க பாஷையில வேலைக்காரப் பொம்பளைக்கு அதான் பேருன்னு. எனக்கு அப்ப இருவது வயசு. ஒரு புள்ளகூடப் பொறக்கல. நம்ம ஆயாவா இருந்தா இருவது வயசுப் பொண்ணை எவனாவது ஆயான்னு கூப்புடுவானா?”

நான் வாயைத் திறக்கவில்லை. யூலும் பர்னெலும் புத்தகத்தில் எழுதியதை இவள் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே காதால் கண்டுபிடித்திருக்கிறாள். ஒலி வேறு, வயசு வேறு, கூப்பிடுகிறவரின் பாஷை வேறு. நான் அட்டைகளில் தேடிய அத்தனையும் அவளிடம் இருந்தது. எட்டு வருஷம் முன்னால் பேச்சு எழுதும்போது இவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

“அப்புறம் எப்ப ரெண்டும் ஒண்ணாச்சு?”

“வந்த நோயாளிங்கதான் ஒண்ணாக்கினாங்க. கிராமத்து ஜனங்க. டாக்டரம்மா அய்யான்னு சொன்னா, அதுங்க ஆயான்னு கூப்புடுங்க, பாட்டியக் கூப்புடற மாதிரி. மொதல்ல கோவம் வந்திச்சு. அப்பால பழகிப்போச்சு. உங்கப்பன் பொறக்கறதுக்கு முன்னாடியே நான் ஊருக்கெல்லாம் ஆயா.”

உள்ளே போய் ஓர் அட்டை எடுத்துவந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். சொல்: ஆயா. பொருள்: மருத்துவமனைப் பணிப்பெண். வந்த வழி: போர்ச்சுகீசியம், ஆங்கிலம், தமிழில் பாட்டியைக் குறிக்கும் ஆயாவோடு நோயாளிகள் வாயில் கலந்தது. எந்த வருஷம் வேலைக்குச் சேர்ந்தாய் என்று கேட்டதற்கு, அந்த வருஷக் கார்த்திகை, இன்னார் கல்யாணம் என்று அவள் சொன்னதை அப்பா கணக்குப் போட்டு 1926 என்றார். சான்று என்ற இடத்தில் வழக்கமாகப் புத்தகத்தின் பெயரும் பக்கமும் எழுதுவேன். அங்கே அவள் முழுப் பெயரையும் எழுதி 1926 என்று போட்டேன்.

“இன்னா எழுதினே?”

“உன் பேரு.”

படிக்கத் தெரியாதவள். அட்டையைக் கையில் வாங்குவதற்கு முன் சுண்ணாம்பு பட்டிருந்த விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். “எதுல இருக்குது, காட்டு” என்றாள். விரலைப் பிடித்து அந்த வரியின் மேல் வைத்தேன்.